மைலோ டின்னும் தராசும்: கடல் மீன் பண்ணையின் அழுக்கைக் குறைப்பது எப்படி

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவை ஒட்டி, ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பக்கத்தில் அரை ஹெக்டேர் மிதவைப் பண்ணை ஒன்றில் 2013-லிருந்து வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் கப்பல் பட்டறையில் வெல்டர். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா வைக்கும் குழம்பு வரைக்கும்தான். பண்ணைக்கு வந்த புதிதில் யாரும் எனக்கு எதையும் எழுதித் தரவில்லை. தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன். உங்கள் பண்ணை கொடுவா வளர்ப்பதாக வைத்துக்கொள்கிறேன். கலவா, சிவப்பு மீன் என்றாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீன் பண்ணை கடலைக் கெடுக்கிறது என்றதும் எல்லோரும் மருந்தைப் பற்றிப் பேசுவார்கள், பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுவார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கடலுக்குள் போகும் அழுக்கில் பெரும்பங்கு தீவன மூட்டை வழியாகத்தான் போகிறது. மீன் தின்னாமல் விட்டது, தின்றுவிட்டுக் கழித்தது, இரண்டும் கூண்டுக்கு நேர் கீழே இறங்குகிறது. அதனால் வாளியைப் பிடிக்கிற கையிலிருந்து ஆரம்பிப்போம்.

வாளிக்கு முன்னால் தராசு

எங்கள் தவுக்கே, அதாவது பண்ணை முதலாளி, அறுபத்தெட்டு வயதுக்காரர். நல்ல மனுஷர். கூண்டோரம் நின்றுகொண்டு, மீன் துள்ளுவதைப் பார்த்தாலே "ஈக்கான் லாப்பார் லா!" என்பார். மீனுக்குப் பசிக்கிறதாம். கொடுவாவுக்கு எப்போதுமே பசிதான். ஆள் நிழல் பட்டாலே மேலே வரும். அதை நம்பித் தீவனம் போட்டால் மூட்டை காலியாகும், மீன் அந்த அளவுக்கு வளராது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கூண்டிலிருந்து 30 மீனைக் கோரி எடுங்கள். தண்ணீர் பிடித்த வாளியைத் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துக்கொண்டு, பத்துப் பத்தாக மீனைப் போட்டு நிறுங்கள். சராசரி 250 கிராம் வருகிறது, கூண்டில் ஆயிரம் மீன் இருக்கிறது என்றால் மொத்தம் 250 கிலோ. இந்த அளவு மீனுக்கு, 29, 30 டிகிரித் தண்ணீரில், நான் உடல் எடையில் இரண்டரை சதவீதம் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறேகால் கிலோ. அதைக் காலையிலேயே நிறுத்து அந்தக் கூண்டின் வாளியில் வைத்துவிட வேண்டும். வாளியில் இருப்பதுதான் கணக்கு. மிச்சமானால் மூட்டைக்குத் திரும்பும். தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான், தவுக்கே என்ன சொன்னாலும் சரி.

போடும் முறையும் முக்கியம். ஒரு கை போடுங்கள், பத்து எண்ணுங்கள். மேலே மிதப்பது முழுக்கக் காணாமல் போனால் அடுத்த கை. எண்ணி முடித்தும் நாலைந்து உருண்டை மிதந்துகொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். முழு வயிறு நிரம்பப் போடக் கூடாது, முக்கால் வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே போதும். நீரோட்டம் இழுக்கும்போது உருண்டைகள் வலையைத் தாண்டிப் போய்விடும். அதற்கு பிவிசி குழாயை வளைத்து வட்டமாக ஒட்டி, கூண்டுக்குள் மிதக்கவிட்டு, அதற்குள் போடலாம். பதினைந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவு. ஓட்டம் மிக வேகமாக இருந்தால் போடவே வேண்டாம், ஒரு மணி நேரம் பொறுத்துப் போடுங்கள்.

சரி, இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கொடுவாத் தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 45 சதவீதம். புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் அதிலுள்ள நைட்ரஜன் கிடைக்கும். அதாவது ஒரு டன் தீவனத்தில் 72 கிலோ நைட்ரஜன். ஒரு டன் மீன் வளர்க்க 1.8 டன் தீவனம் போனால் 130 கிலோ நைட்ரஜன் உள்ளே போகிறது. அறுவடை செய்யும் ஒரு டன் மீனின் உடம்போடு கரைக்கு வருவது சுமார் 27 கிலோ. மிச்சம் நூற்றுச் சொச்சம் கிலோ கடலிலேயே தங்குகிறது. அதே ஒரு டன்னை 1.5 டன் தீவனத்தில் வளர்த்தால் கடலில் தங்குவது 81 கிலோ. நைட்ரஜன் என்றால் வேறொன்றுமில்லை, உரம்தான். செடிக்குப் போடுகிற அதே உரம். கடலில் போட்டால் பாசி வளரும்.

இந்த விகிதத்தைக் கூண்டு வாரியாக எழுதி வையுங்கள்: போட்ட தீவனம் எத்தனை கிலோ, கூடிய மீன் எடை எத்தனை கிலோ, முதலாவதை இரண்டாவதால் வகுத்தது எவ்வளவு. தவுக்கேயிடம் கடலைப் பற்றிப் பேசிப் பார்த்தேன், காதில் ஏறவில்லை. இந்த நோட்டைக் காட்டி, ஏழாவது கூண்டுக்கு மட்டும் மாதம் எத்தனை மூட்டை வீணாகிறது என்று வெள்ளிக் கணக்கில் சொன்னேன். மறுநாளே இரண்டாவது தராசு வாங்கி வந்தார்.

கழிவு மீன் வேண்டவே வேண்டாம்

இன்னும் சில பண்ணைகளில் சின்ன மீன்களை வெட்டிப் போடுகிறார்கள். எங்கள் பாட்டி ஊரான ராமேஸ்வரம் பக்கம் இதைச் சங்காயம் என்பார்கள். விலை மலிவு, மீனும் ஆசையாகத் தின்னும். ஆனால் ஒரு டன் கொடுவாவுக்கு ஐந்தாறு டன், சில சமயம் அதற்கு மேலும் கொட்ட வேண்டியிருக்கும். வெட்டும்போதே சாறும் துணுக்கும் தண்ணீரில் கரைந்துவிடும். மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள், ஆறு டன்னுக்கு 160 கிலோ நைட்ரஜனைத் தொடும். நோயும் கூடவே வரும். இழுவலையில் மாட்டும் அந்தக் குஞ்சு குளுவான்களில் பல, வளரவிட்டால் நல்ல விலைக்குப் போகும் மீன்கள்.

உருண்டைத் தீவனத்திலும் மீன் இல்லாமல் இல்லை. அதிலுள்ள மீன் தூளில் ஒரு பங்கு பெரு நாட்டுக் கடலில் பிடிக்கும் நெத்திலி இனத்திலிருந்து வருகிறது. மூட்டை வாங்கும்போது மீன் தூள் எத்தனை பங்கு, சோயா, கோழிக் கழிவுத் தூள், ஈப்புழுத் தூள் எத்தனை பங்கு என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கொடுவா மாமிச பட்சிணி, ஓரளவுக்கு மேல் சைவமாக்க முடியாது. ஆகவே இடம் இருந்தால் இரண்டு கூண்டில் மடவையோ பால்கெண்டையோ விடுங்கள். பாசியும் சில்லறையும் தின்று வளரும் சாதி அவை, மீன் தூள் பெரிதாகத் தேவையில்லை. தேக்கா சந்தையில் மடவையைக் கேட்டு வாங்குகிற பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே நான் ஒரு கூண்டு வைத்திருக்கிறேன்.

அடியில் என்ன நடக்கிறது

இதுதான் எனக்குப் பிடித்த வேலை. யாரும் செய்வதில்லை.

பெரிய மைலோ பானத்தூள் டின் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாயை ஒட்டி எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டு, கயிற்றை வாளிப் பிடி மாதிரிக் கட்டுங்கள். வாயின் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு கிலோ ஈயக் குண்டு. அப்போதுதான் தரை தட்டியதும் டின் சாய்ந்து வாயால் மண்ணைக் கவ்வும். அடித்தட்டில் ஆணியால் ஏழெட்டுத் துளை, தண்ணீர் வடிய. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. எங்கள் இடத்தில் எட்டாவது முடிச்சில் தரை தட்டும். படகைக் கூண்டின் ஓரத்தில் கட்டி, டின்னை இறக்கி, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, படகின் மறுமுனைக்கு நடந்து போய்ச் சாய்வாக இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் வெறும் தண்ணீர்தான் வரும்.

வந்த சேற்றை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துங்கள். மேல் பூச்சு காப்பிப் பழுப்பாக இருந்து, உள்ளே சாம்பல் நிறம், மண் வாசனை, ஒன்றிரண்டு புழு நெளிகிறது என்றால் நல்லது. மை மாதிரி கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு வந்தால் அங்கே ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது. ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் கிருமிகள் கடல்நீரிலுள்ள சல்பேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்பைடாக்கி விடும். அந்த நாற்றம் அதுதான். மீனுக்கு விஷம். புயலோ ஓட்டமோ சேற்றைக் கலக்கினால் மேலே இருக்கும் உங்கள் மீனுக்கே வினை.

முதல் தடவை நான் இழுத்தபோது ஏழாவது கூண்டின் அடியிலிருந்து வந்ததைக் கண்டு என்னோடு வேலை பார்க்கும் மியன்மார்த் தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டான். ஓட்டம் படாத உள்மூலைக் கூண்டு அது. அங்கேதான் குஞ்சு முதல் அறுவடை வரை வருஷக் கணக்கில் இடைவெளியே இல்லாமல் வளர்த்திருந்தார்கள். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கட்டத்தைக் காலியாகப் போடுவது. நிலத்தைத் தரிசாகப் போடுவது போலத்தான். பத்துக் கட்டத்தில் ஒன்றிரண்டை எப்போதும் காலியாக வைத்துச் சுழற்றுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் டின்னை இறக்கி, நிறத்தையும் நாற்றத்தையும் எழுதுங்கள். நாற்றத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு 0 முதல் 3 வரை. விஞ்ஞானம் இல்லைதான், ஆனால் பல வருஷமாக ஒரே மூக்கு.

அதோடு ஒரு கூண்டில் எத்தனை மீன் என்பதையும் கட்டுக்குள் வையுங்கள். 5-க்கு 5 மீட்டர், 3 மீட்டர் ஆழம் என்றால் 75 கன மீட்டர். கன மீட்டருக்கு 15 கிலோவைத் தாண்ட விடுவதில்லை நான். இதைவிட இரண்டு மடங்கு நெருக்கி வளர்ப்பவர்கள் உண்டு. காற்றூதி இருக்கிற தைரியம் அவர்களுக்கு. மின்னாக்கி (ஜெனரேட்டர்) நின்ற இரவில் அந்தத் தைரியமும் நின்றுவிடும்.

அட்டமி, நவமி

இந்த நீரிணைக்கு ஒரு குறை உண்டு. 1924-ல் திறந்த ஜோகூர் கடற்பாலம் இதை இரண்டாக அடைத்துவிட்டது. கிழக்குத் தண்ணீர் மேற்கே போக முடியாது, வந்த வழியேதான் திரும்ப வேண்டும். இரண்டு கரை ஆறுகளும் கொண்டுவரும் உரமும் சாக்கடையும் இதே தண்ணீரில்தான். எல்லாப் பழியையும் பண்ணை மேல் போடுவது நியாயமில்லை என்று சொல்ல வருகிறேன். ஆனால் அழுக்கு நம்மிடமிருந்து போனாலும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தாலும் சாகிறது நம் மீன்தான்.

2015 சீனப் புத்தாண்டு முடிந்து பத்து நாள் ஆகவில்லை. பிப்ரவரிக் கடைசி. வெயில், காற்றே இல்லை, தண்ணீர் நிறம் மாறியிருந்தது. காலையில் கூண்டைப் பார்த்தால் மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மத்தியானத்துக்குள் வெள்ளை வயிறுகள். மிதவைப் பாசிப் பெருக்கம். நீரிணை முழுக்க 500 முதல் 600 டன் மீன் செத்தது. நான் அன்றைக்கு ராத்திரி வரை குப்பைப் பைகளில் மீனை அள்ளினேன். இரண்டு வருஷம் வளர்த்த கலவாவும் அதில் இருந்தது. தவுக்கே ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து எதுவும் பேசாமல் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அட்டமி கழிந்து இரண்டு மூன்று நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக ஏறி இறங்கும், தண்ணீர் மாறும். அட்டமியை ஒட்டியும் அதற்கடுத்த இரண்டொரு நாளும் ஏற்ற இறக்கம் சிறியது, தண்ணீர் தேங்கும். அட்டமி நவமியில் நல்ல காரியம் செய்யாதே என்று பாட்டி சொன்னது எதற்கோ. நான் அதைத் தீவனத்துக்கு வைத்துக்கொண்டேன். தேக்கா மளிகைக் கடையில் கொடுக்கும் தினசரி நாள்காட்டி எங்கள் தீவன அறையில் தொங்குகிறது. தவுக்கேயின் சீன நாள்காட்டியில் அவை எட்டாம் தேதியும் இருபத்து மூன்றாம் தேதியும். இருவருக்கும் ஒரே நிலா.

அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும்? தீவனம் பாதி. விடிவதற்கு முன் ஆறு மணிக்கு ஆக்ஸிஜன் மீட்டரைக் கூண்டின் நடுவில், இரண்டு மீட்டர் ஆழத்தில் இறக்கிப் பாருங்கள். ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சு விட்டு ஆக்ஸிஜனைத் தின்றிருக்கும், விடியலில்தான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். நம் வெப்பத்தில் கடல்நீர் ஆக்ஸிஜனால் முழுக்க நிறைந்தாலே லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் பக்கம்தான் பிடிக்கும், கையிருப்பு குறைவு. 5-க்கு மேல் இருந்தால் அந்தப் பாதித் தீவனத்தைப் போடுங்கள். 4-க்குக் கீழே வந்தால் தீவனம் கிடையாது, காற்றூதியைப் போடுங்கள். தின்ற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். பட்டினி கிடந்த மீன் ஒரு நாளில் செத்துவிடாது.

மீட்டர் வாங்க வசதியில்லாத சமயத்திலும் தட்டு ஒன்று போதும். சாப்பாட்டுத் தட்டைக் கறுப்பும் வெள்ளையுமாக நாலு கால் பாகமாகப் பூசி, நடுவில் ஓட்டை போட்டு, கயிறும் குண்டும் கட்டி இறக்குங்கள். எந்த ஆழத்தில் மறைகிறது என்று தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். மழையே பெய்யாமல், நாளுக்கு நாள் சீக்கிரம் மறைந்துகொண்டே வந்தால் பாசி கூடுகிறது.

வலை, சிப்பி, மற்றவை

வலையில் பாசியும், ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுயிரான கொட்டலசும் ஏறினால் ஓட்டம் அடைபடும், எவ்வளவு தீவனம் மிச்சப்படுத்தினாலும் பிரயோஜனமில்லை. செம்பு கலந்த பூச்சு பூசினால் ஏறாது என்பார்கள். செம்பு சேற்றில் போய்த் தங்கும், சிப்பிக்கும் நண்டுக்கும் ஆகாது, வேண்டாம். இரண்டு ஜோடி வலை வைத்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, அழுக்கு வலையைப் பலகை மேல் வெயிலில் காயப்போட்டுத் தட்டுங்கள். தட்டி விழுந்ததைக் கடலில் தள்ளிவிட்டால் அத்தனையும் மறுபடி அடிச் சேற்றுக்குத்தான் போகும். பையில் கட்டிக் கரைக்கு அனுப்புங்கள்.

அதில் கறுப்பு நிறச் சின்னச் சிப்பி கொத்துக் கொத்தாக இருக்கும். அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கடற்கரைகளின் சரக்கு, 2016 வாக்கில் நம் நீரிணையில் கண்டுபிடித்தார்கள். இப்போது மிதவை டிரம், கயிறு எல்லாவற்றிலும் அதுதான். முன்பு அந்த இடத்தில் நம் பச்சைச் சிப்பி இருந்தது. பச்சைச் சிப்பியை நான் வேண்டுமென்றே கயிற்றில் கட்டி, ஓட்டம் வெளியேறும் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும். அதற்குத் தீவனம் போட வேண்டாம். ஆனால் அதுவும் கழிக்கும் என்பதை மறக்காதீர்கள். கொத்து கனத்ததும் அறுவடை செய்தால்தான் அழுக்கு கரையேறும்.

செத்த மீனைக் காலையில் முதல் வேலையாக எடுத்து, எண்ணி, மூடின பெட்டியில் போட்டு லோரோங் ஹாலுஸ் படகுத்துறைக்கு அனுப்பிவிடுங்கள். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் மீன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தீவனத்தில் மருந்தைக் கலந்து பார்ப்போம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நோர்வேக்காரர்கள் 1987-ல் சால்மன் பண்ணைகளில் ஏறத்தாழ 50 டன் ஆண்டிபயாட்டிக் கொட்டினார்கள். தடுப்பூசி வந்த பிறகு, மீன் பல மடங்கு பெருகியும், மருந்து ஒரு டன்னுக்குக் கீழே இறங்கியது. கொடுவாக் குஞ்சுக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஊசி போட்ட குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள், காசு கொஞ்சம் கூடத்தான்.

கிழிசல் வலையை அன்றன்றைக்கே தையுங்கள். பேத்தை மீன் கடிக்கும், நீர்நாய் குடும்பத்தோடு வரும். திறந்த நுரைக்கட்டையை மிதவையாக வைக்காதீர்கள், பொடிப்பொடியாக உதிரும். மூடிய டிரம் போதும்.

கரையில் மூடிய தொட்டியில் வளர்த்தால் கடலுக்கு ஒன்றும் ஆகாதே என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. கழிவைப் பிடித்து வைத்துச் சுத்தம் செய்யலாம், உண்மைதான். ஆனால் பம்பும் குளிரூட்டியும் இருபத்து நாலு மணி நேரம் ஓட வேண்டும். சிங்கப்பூர் மின்சாரத்தில் 95 சதவீதம் போல எரிவாயுவிலிருந்து வருகிறது. அழுக்கு தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். அங்கேயும் தீவனத் தராசு இதே தராசுதான்.

ஏழாவது கட்டம் காலியாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் டின்னை இறக்கினோம். மேல் பூச்சு பழுப்பு, ஒரு விரல் அளவுக்குத்தான். அதற்குக் கீழே இன்னும் கறுப்பு. நாற்றம் 1. தம்பி இந்த முறை ஓடவில்லை, தட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு புழுவைக் காட்டினான். தவுக்கே எட்டிப் பார்த்துவிட்டு, எப்போது மீன் விடலாம் என்று கேட்டார். அடுத்த சீனப் புத்தாண்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.